ருக்குவின் பிங்க்

ருக்குவுக்கு மரங்கள் மேல் கொள்ளைப் பிரியம் என்று ஒக்கலிபுரத்தில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவளுக்கு இருந்தது தீராத எரிச்சல். கல்லூரியில் கெமிஸ்ட்ரி பாடம் எடுத்த காலத்தில் எந்த உப்பும் அவளிடம் வாலாட்டியதில்லை. ஓய்வு பெற்ற கையோடு மரங்களிலிருந்து ஓவியர்களுக்கு வண்ணம் எடுக்கிறேன் என்று உட்கார்ந்தாள். நிம்மதி அன்றோடு போயிற்று. மர மில்லிலிருந்து வாங்கி வரும் பலாமரத்தூள் ஒரு தடவை மாம்பழ மஞ்சள் தரும், மறுதடவை கஞ்சி நிறம் தரும். கடுக்காயை ஊறவைத்துத் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டுச் செய்யும் கறுப்பு மை ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. விட்டுத் தொலையேன் என்றால் அதையும் செய்ய மாட்டாள்.

இப்போது தகராறு பிங்க்கில். பட்டர் ஃப்ரூட் கொட்டையை நறுக்கி இளந்தீயில் வேகவைத்தால் தண்ணீர் ரோஜா நிறமாகும். சுண்டக் காய்ச்சி வேலம்பிசின் கலந்தால் தூரிகைக்கான வண்ணம் தயார். பிப்ரவரியில் அப்படிச் செய்து கொடுத்த பிங்க்கை வைத்து ஷ்ரேயா என்ற பெண் ஒரு குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் இளஞ்சிவப்பாகப் பூக்கும் தபேபுயா மரங்கள். கடைசிப் படத்தில், மரம் பாதி பூத்த நிலையில், பிங்க் தீர்ந்துவிட்டது.

"ஆன்ட்டி, மண்டே பப்ளிஷருக்குக் குடுத்தாகணும். அதே பிங்க் வேணும். இல்லன்னா ட்யூப் பெயின்ட் வாங்கி புக் ஃபுல்லா திரும்பப் போட வேண்டியதுதான்" என்றாள் போனில்.

ட்யூப் என்ற சொல்லை ருக்குவின் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

"நான் தரேன்" என்றாள்.

தந்திருப்பாள். ஆனால் வந்தது சாம்பல் நிறம். மறுபடி காய்ச்சினாள்; மறுபடி சாம்பல். பாத்திரத்தை மாற்றினாள், அடுப்பை மாற்றினாள், கடைசியில் கொட்டை கொடுக்கும் ஜூஸ் கடை ஹரிஷிடம் சண்டைக்குப் போனாள்.

"என்ன கொட்டைப்பா குடுத்தே?"

"அதே குடகுப் பழம்தான் அக்கா. ஜூஸ் குடிச்சிட்டு 'சென்னாகிதே, நல்லாருக்கு'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் ஜூஸைச் சொன்னேன்."

"கொட்டைக்கு இதுவரைக்கும் யாருமே கம்ப்ளெயின்ட் பண்ணதில்லக்கா."

ருக்குவின் கணவர் ஆராவமுதன் மாநிலக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே தண்ணீர்: காவேரி, மற்றவை. கோடை வந்து, குழாயில் காவேரி ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆனதும், அவர் அதை ஸ்டீல் டிரம்மில் பிடித்து மூடிவைத்தார். அது காப்பிக்கு. வீட்டின் மற்ற காரியங்களுக்கு டேங்கர் தண்ணீர். இந்தத் தீர்மானத்தை அவர் யாருக்கும் அறிவிக்கவில்லை. அறிவித்தால் விவாதம் வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் பாத்திரம் கழுவ உட்கார்ந்த ருக்கு, பக்கெட்டின் அடியில் செம்பழுப்புக் கறையைப் பார்த்தாள். நிமிர்ந்தால் அலமாரியில் கடுக்காய் மை, உள்ளே ஆணிகள்.

"ஏன்னா, சாயத்துக்கு எந்தத் தண்ணி வெச்சேள்?"

"டேங்கர்தான். அதை என்ன குடிக்கவா போறே?"

"அது போர்வெல் தண்ணி. இரும்பு இருக்கு. கொட்டைச் சாறுல இரும்பு பட்டா சாம்பலாத்தான் போகும்."

"இத்தனை வருஷம் பாடம் எடுத்தவளுக்கு இப்பதான் தெரியறதா?"



"டிரம்மைத் திறங்கோ."

"அது காப்பிக்கு."

"தெரியும்."

"நாளைக்குத் தண்ணி வராது, ருக்கு."

"அதுவும் தெரியும்."

கஜானா சாவியை ஒப்படைக்கிறவர் மாதிரி அவர் மூடியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிங்க் வந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் தீட்டி, காய்ந்ததும் பிப்ரவரிக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தாள். எது பழையது, எது புதியது என்று அவளுக்கே சொல்ல முடியவில்லை. பிறகுதான் காப்பி போட்டாள்.

ஆராவமுதன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"டேங்கரா?"

"ஆமா."

முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தார். "பிங்க் வந்துடுத்தா?"

காகிதத்தைக் காட்டினாள்.

"நன்னாத்தான் இருக்கு. காப்பிதான் சாம்பலாப் போயிடுத்து."

மத்தியானம் வந்து வண்ணத்தை வாங்கிப்போன ஷ்ரேயா, மாலையில் முழுதாகப் பூத்த மரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கூடவே போனும் செய்தாள். அதே பிங்க், பர்ஃபெக்ட், அடுத்த புத்தகம் முழுக்கச் சரக்கொன்றை, மஞ்சள் நிறையத் தேவைப்படும், அதுவும் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மஞ்சள். ருக்கு கொஞ்சமும் யோசிக்காமல் சரி என்றாள்.

ஆராவமுதன் இரண்டாவது டேங்கர் காப்பியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பலாமரத்தூளுக்கு எவ்வளவு தண்ணி பிடிக்கும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்?" என்றாள் ருக்கு.