மனேஜர் முன்னால் கிழிந்த சேட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு கம்பனியின் அலுவலகம் நகரத்தின் ஓர்ஸ் ஹில் பகுதியில் இருந்தது. அதன் மனேஜரைப் பார்க்க நானும் என் சிநேகிதியும் போயிருந்தோம்.

நாங்கள் இருவரும் ஒரே தையல் கடையில் வேலை செய்தவர்கள். முதலாளி திடீரென்று கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். சிநேகிதி பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்தவள். கணவரை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். "நாமளே தொடங்குவம் புள்ள" என்று முதலில் சொன்னவள் அவள்தான். துறைமுகத் தொழிலாளர்களுக்கு வேலைக்குப் போடும் சேட்டு, அதாவது சட்டை, தைத்துக் கொடுப்பது எங்கள் யோசனை. இந்தக் கம்பனி ஓம் என்றால் தொழில் நடக்கும். இல்லையென்றால் எங்களிடம் இருந்த ஒரே தையல் மெஷினையும் விற்றுச் சாப்பிட வேண்டியதுதான்.

துணி எப்படிப்பட்டது, தையல் எத்தனை நேர்த்தி என்றெல்லாம் பேச ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தோம். மனேஜர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். மேசையில் விரித்திருந்த மாதிரிச் சேட்டை எடுத்து, வாசலில் நின்ற ஒரு தொழிலாளியிடம் நீட்டினார்.

"இதைப் போட்டு, மூட்டை தூக்கிற மாதிரிக் கையை உயர்த்தும்."

அவர் உயர்த்தினார். இரண்டு அக்குளும் டர்ரென்று கிழிந்தன. அங்கே எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர்மார் சிரித்தார்கள். தொழிலாளிக்கோ கூச்சமாகப் போய்விட்டது. "நான் மெதுவாத்தான் தூக்கினனான், தங்கச்சி" என்றார்.

சேட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடத்தான் எனக்குத் தோன்றியது. சிநேகிதி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மனேஜரிடம், "ஐயா, இங்கயே இருந்து தைக்கலாமா?" என்று கேட்டாள். அவர் மூலையில் கிடந்த வாங்கில் உட்காரும்படி கையைக் காட்டினார்.

கைப்பையில் கத்தரிக்கோலும் ஊசிநூலும் இருந்தன. சேட்டின் கீழ்ப்பக்கத்தை வெட்டி, அந்தத் துணியை அக்குளில் வைத்துக் கையாலேயே தைத்தோம். இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். அவசரத்தில் என் விரலில் ஊசி குத்தி இரத்தம் வந்தது. தொழிலாளி பெனியனோடு வாசற்படியில் காத்திருந்தார்.

மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே முற்றத்துக்குப் போய், ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தார். சேட்டு கட்டையாகிக் கோணலாகத் தொங்கியது. ஆனால் கிழியவில்லை.

"இப்ப சுகமா இருக்கு, ஐயா."

"வடிவில்லை" என்றார் மனேஜர். "எண்டாலும் இதே மாதிரி ஒரு பத்துத் தைச்சுக் கொண்டு வாங்கோ. இவங்கள் போட்டு உழைக்கட்டும். பிறகு கதைப்பம்."

அந்தப் பத்திலும் சில கிழிந்தன, வேறு இடங்களில். போட்டவர்களிடமே கேட்டுக் கேட்டுத் திருத்தினோம். அதன்பிறகுதான் கம்பனியிடமிருந்து ஓடர் வந்தது. மாதிரி காட்டி ஒப்புக்கொள்ளச் செய்ய அதற்குப் பிறகும் எத்தனையோ அலுவலகங்களுக்குப் போயிருக்கிறேன், ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதில்லை.

புதுத் தொழில் தொடங்க யோசனை கேட்டு யாராவது வந்தால், செய்த பொருளை அதைப் பாவிக்கப் போகிறவர் கையில் முதலில் கொடுங்கள், அது கிழிந்தாலும் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போகாதீர்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.