தண்ணீர் வந்த காலை

பக்கத்து வீட்டு அக்கா மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அதைச் சொன்னது, அவர் கணவர் இறந்துபோன அன்று காலையிலா, அதற்கு மூன்று நாள் முன்பா?

நாங்கள் போர்ட் பிளேரில் டாலிகஞ்சில் இருக்கிறோம். எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில் அரை மணி நேரம் வரும். யாராவது "பானி ஆ கயா!" என்று குரல் கொடுத்தால் சந்தே எழுந்துவிடும். டிரம்களை நிரப்பிக்கொண்டே சேர்ந்த அழுக்குத் துணியையும் துவைத்துவிடுவோம். அக்காவின் கணவர் இறந்த அன்றும் தண்ணீர் வந்தது, நானும் துவைத்தேன். எட்டு மாத மகன் நனைத்த விரிப்புகள் இரண்டு. சுவருக்கு அப்பால் அக்காவும் ஒரு விரிப்பை அலசிக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு அவர் அலறல் கேட்டு ஓடினேன். கணவர் கட்டிலில் அசைவில்லாமல் கிடந்தார். பிரேதப் பரிசோதனையில் பூச்சிமருந்து என்று தெரிந்தது. அவரே குடித்திருப்பார் என்றார் அக்கா. அக்காதான் கொடுத்தார் என்றது போலீஸ்.

விசாரிக்க வந்த அதிகாரி மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குவார்ட்டர்ஸில் அவருக்குத் தினமும் தண்ணீர் வந்திருக்கும். விடிந்ததும் விடியாததுமாக அந்தப் பெண் விரிப்புத் துவைத்தாளா என்று இந்தியில் கேட்டார். இடுப்பில் மகன் வீறிட்டுக்கொண்டிருந்தான். "ஹாங் ஜி" என்று தலையாட்டினேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். சந்து முழுக்கத் துவைத்தோம் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. வாந்தி பட்ட விரிப்பைத் துவைத்துத் தடயத்தை அழித்தார் என்பதே வழக்கு என்பதும், அதைப் பார்த்த சாட்சி நான் என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து அக்கா சொன்னது இதுதான்: "உன் வீட்டுல சின்னப் பிள்ளை, என் வீட்டுல பெரிய பிள்ளை. ராத்திரி பூரா வாந்தி. ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான், போ!" இருவரும் சிரித்தோம். அன்று காலை சொல்லியிருந்தால், அவர் எதையும் மறைக்கவில்லை என்று ஆகும். ஆனால் அவர் கணவர் அடிக்கடி குடித்து வாந்தி எடுப்பவர். இந்தக் கேலியை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். நினைத்துப் பார்த்தால் அவர் கையில் பச்சைப் பூப்போட்ட விரிப்பு தெரிகிறது. அன்று கொடியில் கிடந்ததும் பச்சைதான். ஆனால் அவர் வீட்டில் இருந்தவையே இரண்டு விரிப்புகள்; மூன்று நாள் முன்பு அலசியதும் அதே பச்சையாக இருந்திருக்கலாம்.

என் கணவரிடம் சொன்னேன். "தண்ணி வந்த நாள்னு தாராளமா சொல்லு, அது நிஜம்" என்றார். "வாந்திப் பேச்சு உனக்கே நிச்சயமில்ல. அதை எதுக்கு இழுக்குற? முன்னாடியே ஏன் சொல்லலைன்னு உன்னைப் பிடிச்சுக்குவாங்க."

"அது மட்டும் அன்னைக்குச் சொன்னதா இருந்தா?"

"இல்லாட்டி?"

அக்கா கொன்றிருந்தால், என் வாயால் தப்பிப்பார். கொல்லாமல் இருந்தால், என் மௌனத்தால் சிறைக்குப் போவார்.

போன வாரம் மகனுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். இப்போது ஜாமீனில், வண்டூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். மெலிந்திருந்தார்.

"நடக்குறானா?"

"ஓடுறான்க்கா."

"ராத்திரி நனைக்கிறது நின்னுச்சா?"

"எங்கக்கா!"

பழையபடியே சிரித்தார். எனக்குத் துணிவு வந்தது. "அக்கா, அன்னைக்குக் காலையில நீங்க என்கிட்ட…"

"கேக்காத தங்கச்சி" என்று கையை உயர்த்தினார். "நான் சொல்லிக்குடுத்து நீ சொன்னதா ஆயிடும். உனக்கு என்ன ஞாபகமோ அதைச் சொல்லு." வண்டூர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்ததும், குற்றம் செய்தவரும் இப்படித்தானே பேசுவார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன்.

நீதிமன்றத்தில் என் முறைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. ஆறு தடவை தண்ணீர் வரும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவரருகே நின்று நினைவுபடுத்திப் பார்ப்பேன். அப்போதும் தெளியாவிட்டால் என்ன செய்வது? பாதி நிச்சயமான ஒரு பேச்சை, பாதி நிச்சயம்தான் என்று கூண்டில் ஏறிச் சொல்லலாமா? சொல்லாமல் வந்தால் பிறகு என் பிள்ளையின் விரிப்பை நிம்மதியாகத் துவைக்க முடியுமா? சாட்சி சொன்ன அனுபவம் உள்ளவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.