வாசல் பக்கத்துக் கண்ணாடி

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "பஸ் ஓட்டுறார்" என்று பெருமையாகச் சொல்வேன். இப்போது அதைச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாமல் போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இருவருக்கும் ஒரே பணிமனை. மாமா பதினான்காம் எண் பேருந்தின் ஓட்டுநர். நான் வாசலை ஒட்டிய அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது போனது, எப்போது திரும்பியது என்று பதிகிறவன். வண்டி எடுப்பதற்கு முன் என் மேஜை ஓரத்தில் டீயை வைத்துக்கொண்டு, பேப்பரில் புதுக்கருவிகள் பற்றி வரும் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பார். படிப்பதே திட்டுவதற்காகத்தான்.

"பால் தீந்து போச்சுன்னு சொல்ற ஃபிரிட்ஜாம். உங்க அக்கா சொல்லாததையா அது சொல்லிடப் போகுது?"

தானாக ஓடும் கார் பற்றிப் படித்த அன்று டீ ஆறியே போய்விட்டது. "குறுக்க நாய் வந்தா பிரேக் போடும், சரி. நாயைத் திட்டுமா? திட்டாம எப்படி மாப்ள வண்டி ஓட்டுறது?" மின்சாரப் பேருந்தும் அவருக்குப் பிடிக்காது. சத்தமே இல்லையென்றால் எது கழன்றது என்று எப்படித் தெரியும் என்பார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்தது.

அந்தரங்கம் என்று வந்துவிட்டால் மனிதர் இரும்புப் பெட்டி. போன் காமிராவின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தார். கடையில் பில் போடும் பெண் போன் நம்பர் கேட்டால், "சோப்பு வாங்க வந்தவனுக்கு எதுக்கும்மா நம்பரு? சோப்பு எனக்குப் போன் பண்ணுமா?" என்று கேட்டு வரிசையில் நிற்பவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார். எல்லாவற்றையும்விடப் பிறந்த தேதி. அதை எந்த ஆப்புக்கும் சரியாகத் தரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். எந்த ஆப்புக்கு எந்தப் பொய் சொன்னோம் என்று அக்கா ஒரு நோட்டே போட்டு வைத்திருக்கிறாள்.

போன வருடம் எங்கள் நிர்வாகம் ஊழியர்களுக்கென்று ஒரு ஆப் கொண்டுவந்தது. மாமா போனை என்னிடம் நீட்டினார். "எதையாவது போட்டு முடிச்சு விடு மாப்ள." நான் யோசிக்கவில்லை. சட்டென்று நினைவுக்கு வந்தது அவர்களுடைய கல்யாணத் தேதி. அதையே தட்டினேன். அதன்படி மாமாவுக்குப் பத்தொன்பது வயது, இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். அந்தப் புத்திசாலி ஆப்புக்கு இது உறைக்கவே இல்லை. நாங்கள் மூவரும் சிரித்தோம், அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மாமாவின் வலது கண் இமை பிறவியிலேயே பாதி இறங்கியிருக்கும். பார்வையில் ஒரு குறையும் கிடையாது. வருடா வருடம் பரிசோதனையில் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிடுவார். பணிமனையில் அவருக்கு 'முக்காக்கண்ணு' என்று பட்டப்பெயர். அந்த முக்கால் கண்ணோடு இருபத்திரண்டு வருடத்தில் ஒரு விபத்துகூட இல்லை.

இந்த வருடம் எல்லா வண்டியிலும் ஸ்டியரிங்குக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு காமிரா பொருத்தினார்கள். ஓட்டுநர் இரண்டு விநாடி கண்ணை மூடினால் அது அலறும். "விழித்திருங்கள்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். கூடவே படம் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே உறுதி செய்தால் என் அறை பிரிண்டரில் நோட்டீஸ் வந்து விழும். ஒரே மாதத்தில் மூன்று நோட்டீஸ் வந்தால், மறு உத்தரவு வரும்வரை ஓட்டுநர் சீட்டில் உட்காரக் கூடாது.

மாமாவுக்கு முதல் நாளே அலறியது. முன் சீட்டில் இருந்த அம்மா, "ஐயையோ, டிரைவர் தூங்குறாரு!" என்று கத்த, பாதிப் பேர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்களாம். இரண்டு வாரத்துக்குள் இரண்டு நோட்டீஸ் வந்துவிட்டது. இரண்டையும் அவரிடம் கையெழுத்து வாங்கியவன் நான்தான்.

நின்றிருந்த வண்டியில் அவரை உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நேராகப் பார்த்தால் காமிராவுக்கு இரண்டு கண்ணும் தெரிகிறது, சும்மா இருக்கிறது. இறங்குகிறவர்களைக் காட்டும் வாசல் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்க இடது பக்கம் திரும்பினால், இடது கண் மூக்குக்குப் பின்னால் போய்விடுகிறது. சரிந்த வலது கண் மட்டும் தெரிகிறது. அதைத் தூக்கம் என்கிறது. அதாவது, ஒழுங்காகக் கண்ணாடி பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மாமா தூங்குகிறார்! எங்கள் பணிமனையிலேயே உயரமான 'நெட்டை'க்கோ கவனமான ஓட்டுநர் என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அவன் கழுத்து திரும்பி நான் பார்த்ததே இல்லை.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "கண்ணே அப்படித்தான்னு போடுறதுக்கு சிஸ்டத்துல ஆப்ஷன் இல்லைங்க. டாக்டர் சர்டிபிகேட்டை ஆப்ல ஏத்துங்க" என்றது ஒரு குரல். மாமா முணுமுணுத்துக்கொண்டே கண் டாக்டரிடம் போனார். போன் காமிராவின் பிளாஸ்திரியைத் தன் கையாலேயே பிய்த்து, முகத்தை நேராக, பக்கவாட்டில், மேலே, கீழே என்று ஆப் கேட்டபடியெல்லாம் காட்டினார். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் பதில் வந்தது: 'பிறந்த தேதி பொருந்தவில்லை. இந்தச் சான்றிதழ் உங்களுடையது அல்ல.'

தேதியைத் திருத்த இருபத்தொரு வேலை நாள் ஆகுமாம். மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. அக்கா நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மாமா, பதினோரு நாள்தானே? ஒண்ணாம் தேதி வந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்கும். அதுவரைக்கும் அந்தக் கண்ணாடியைப் பார்க்காம ஓட்டிடுங்க" என்றேன். இதைச் சொன்னதும் நான்தான்.

ஒரே ஒரு நாள் அப்படி ஓட்டினார். அலறல் இல்லை, நோட்டீஸ் இல்லை. திரும்பி வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துச்சு மாப்ள. ஒவ்வொரு ஸ்டாப்லயும் யாரோ டயருக்குக் கீழ இருக்காங்கன்னே தோணுது."

மறுநாள் காலை எட்டேகாலுக்குப் பிரிண்டர் ஓடியது, மூன்றாவது நோட்டீஸ். தாளில் மாமாவின் முகம், இடது பக்கம் திரும்பியபடி. கீழே இரண்டு வரி: 'வாகன வேகம்: பூஜ்யம். உறங்கிய நேரம்: ஒன்பது விநாடி.' வண்டியை நிறுத்திவிட்டா ஒரு மனிதன் ஒன்பது விநாடி தூங்குவான்? அதை உறுதி செய்து அனுப்பியவர் அந்த இரண்டு வரியைப் படித்தாரா? தாளைக் கசக்கி எறியலாமா என்றுகூட யோசித்தேன். எறிந்தாலும் அது தலைமை அலுவலகத்தில் இருக்கும்.

மாமா வந்து வாங்கிப் பார்த்தார். "ஒரு அம்மா ஊன்றுகோலோட இறங்கினாங்க. ஒரு கால் கீழ, ஒரு கால் படியில. பார்க்காம எடுக்கச் சொல்றியா?"

"நான் சொல்லல மாமா."

"முந்தாநாள் சொன்னியே."

பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியை மேஜைமேல் வைத்தார். அன்று மதியமே அவரை வண்டி கழுவும் கொட்டகைக்கு மாற்றினார்கள். பதினான்காம் எண் நெட்டைக்குப் போனது. கொட்டகையில் மாமா எல்லா வண்டியையும் தேய்த்துக் கழுவுவார். பதினான்கு வந்தால் மட்டும் குழாயைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். காலையில் என் மேஜைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். பேப்பரை நானே படித்தேன், ஒரு சிரிப்பும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆப்பிலிருந்து செய்தி வந்தது. 'தங்கள் பிறந்த தேதி திருத்தப்பட்டது. சான்றிதழ் ஏற்கப்பட்டது. கேமரா விலக்கு, ஓட்டுநர் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.' கீழே, எங்கள் சேவை எப்படி என்று ஐந்து நட்சத்திரம் வேறு. மாமாவைப் பட்டியலிலிருந்து எடுத்ததே அந்த விலக்கு இல்லாததால்தானே! அன்று முழுதும் போன் செய்தேன். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார், அந்த இன்னொருவர் ஆப்பைக் கைகாட்டினார்.

அன்று மாலை பதினான்கில் ஏறி வீட்டுக்குப் போனேன். என் நிறுத்தத்தில் ஒரு காலைத் தரையில் வைத்தேன், மறுகால் படியில் இருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. கம்பியைப் பிடித்துத் தொங்கி, நான் கத்தின கத்தில்தான் நெட்டை பிரேக் போட்டான். முழங்கால் தோல் உரிந்துபோனது. காமிரா மூச்சு விடவில்லை. அதன் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்கு நொண்டிக்கொண்டே போனேன். மாமா என் முழங்காலைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கழுவுவதற்காக நின்றிருந்த பதினான்கை நோக்கி நேராக நடந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, வாசல் பக்கம் பார்த்தார்.

"மாப்ள, நெட்டை என்னைவிட எவ்வளவு உயரம்?"

"ஒரு தலை உயரம் இருப்பான் மாமா."

"கண்ணாடி இன்னும் எனக்கு வச்சபடியே இருக்கு. ஒரு மாசமா இதை அவன் தொடவே இல்லடா."

காமிரா அலறத் தொடங்கியது. "விழித்திருங்கள், விழித்திருங்கள்" என்றது அந்தக் குரல். என் அறை பிரிண்டருக்கு எதுவும் வராது, அவர் பெயர்தான் பட்டியலில் இல்லையே. மாமா திரும்பவில்லை. அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.