கன்னியம்மாள் மோந்து பார்த்த வாட்ச்

சென்னையில் பாடி பஸ் ஸ்டாப்பில், லாரிப் புழுதிக்கு நடுவே கண்ணாடிப் பெட்டி போட்டு வாட்ச் ரிப்பேர் பார்த்தவள் கன்னியம்மாள். பொம்பளையா என்று இழுக்காதீர்கள், பொம்பளைதான். பாரிமுனையில் ஒரு வாட்ச் கடைக்குக் கூட்டிப் பெருக்கப் போனவள், தொழிலைக் கண்ணாலேயே திருடிக்கொண்டு வந்தாள். எண்பத்தாறாம் வருஷம் சொந்தப் பெட்டி.

பெட்டி போட்ட புதிதில் வந்தவன் கஜபதி, பக்கத்து ஃபேக்டரி மேஸ்திரி. அவன் நல்ல வார்த்தை சொன்னால் ஷிஃப்டே அவளிடம் வரும். கெட்ட வார்த்தை சொன்னால் பெட்டியைத் தூக்கவேண்டியதுதான். அவனுடைய சாவி கொடுக்கிற வாட்ச் நின்றுபோயிருந்தது. பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வைத்துக் கொடுத்தாள். ஓடியது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, திரும்பி வந்தான். இந்தமுறை சக்கரத்துப் பல்லில் சிவப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது. வேர்வை இறங்கித் துருப்பிடித்திருக்கிறது என்று துடைத்து, மூடிக்குப் புது வாஷர் போட்டாள். அதுவும் நின்றது.

மறுபடி அவன் வந்தபோது பஸ்ஸுக்கு நின்ற கூட்டமே வேடிக்கை பார்த்தது.

"இன்னாம்மே, வாட்சு ரிப்பேரா, உன் கை ரிப்பேரா? சாயங்காலம் ஷிஃப்டு உடட்டும், எல்லார்கிட்டயும் சொல்லிக்கினே போறேன்."

"சொல்லு நைனா, மைக்கு வச்சே சொல்லு. நான் தொறந்து பாத்தப்புறம் சொல்லு."

லென்ஸைக் கண்ணில் வைத்து வாட்சைக் கையில் வாங்கினாள். திறந்தாள். அதே சிவப்பு. புது வாஷரைத் தாண்டித் துரு எப்படி வரும்? ஊசி முனையால் அந்தத் துணுக்கை எடுத்து நகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். துரு எங்கேயாவது மணக்குமா? இது மணந்தது.

"மூடியத் தொறந்து உள்ள இன்னா வச்ச?"

"பொட்டும்மே. சந்தனம், குங்குமம். ரிப்பேராயி வந்த மெஷினுக்குப் பொட்டு வைக்காம எவனாவது ஓட்டுவானா? எங்க லேத்துக்கே அப்டித்தான்."

"லேத்துக்கு மேலதான வைக்கிற?"

"வாட்சுல மெஷினு உள்ளதான கீது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கன்னியம்மாள் சிரிக்கவில்லை. கழுவி, பூட்டி, காதில் வைத்துக் கேட்டாள். பிறகு அவன் சட்டைப்பையிலிருந்த குங்குமப் பொட்டலத்தை வாங்கி, பின்மூடிக்கு வெளியே தானே ஒரு பொட்டு வைத்தாள்.

"ஊட்டுக்கு வாசப்படில பொட்டு வைப்பியா, சோத்துப் பானைக்குள்ள வைப்பியா?"

அதன்பிறகு அந்த வாட்ச் நிற்கவில்லை. கஜபதி சொன்ன சொல் தவறாதவன். சாயங்காலம் சொல்லிக்கொண்டேதான் போனான், வேறு மாதிரி. மறுநாள் பெட்டி முன்னால் கும்பல்.

அந்த வருஷம் ஆயுதபூஜையன்று ஃபேக்டரி ஆட்கள் வந்து அவள் பெட்டிக்கும் சந்தனம் பூசினார்கள். பெட்டியைக் காட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் வைக்கும் லென்ஸ் பக்கம் கஜபதியின் சந்தனக் கை போனபோது மட்டும் அந்தக் கைமேல் பட்டென்று ஒன்று வைத்தாள்.