சக்கரச் சத்தத்துக்கு விட்ட இடம்

அண்ணி இருபது வருஷமாகப் பிரார்த்தனைக் கூடத்தில் கீபோர்டு வாசிக்கிறவள். வாரநாளில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இதுவரை அவள் வாசித்ததெல்லாம் அடுத்தவர் போட்ட மெட்டு. சொந்தமாக ஒன்று போட்டு நாலு பேர் கேட்க வேண்டும் என்ற ஆசையைக் கடவுளிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

அது கைகூடிய விதம்தான் வேடிக்கை. அவள் கொழுந்தன் கேட் வெல்டிங் செய்கிறவன். முப்பது வயதாகியும் ஸ்கேட்போர்டை விட்டபாடில்லை. கூட்டாளிகளோடு சேர்ந்து அந்தச் சக்கரப் பலகையில் தாவுவதையும் விழுவதையும் பத்து நிமிஷப் படமாகவே எடுத்துவிட்டான். அடுத்தவர் பாட்டை அனுமதி இல்லாமல் சேர்த்தால் திரையிட மாட்டோம் என்று அரங்கக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணி, நீங்கதான் காப்பாத்தணும்."

"நான் வாசிச்சா எல்லாரும் கண்ண மூடிக் கும்பிட ஆரம்பிச்சிடுவாங்கடா."

"நாங்க விழுற அழகுக்கு அதுவும் தேவைதான்."

அவள் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லா கும்பிடுங்க. இவனுக்குப் பல்லு மூணுதான் போயிருக்கு, மிச்சம் இருக்குல்ல."

வேலை முடிந்து வந்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு வாரம் உட்கார்ந்தாள். படத்தின் கடைசியில் கொழுந்தன் பதினோரு படியைத் தாண்டிக் குதிப்பான். பதினாலு தடவை விழுந்து பதினைந்தாவதில் நிற்பான். அந்த இடத்துக்குத்தான் மெட்டின் உச்சத்தை வைத்திருந்தாள். பத்து விரலும் இறங்கும். வாசித்தவளுக்கே கண் கலங்கியது.

போட்டுக் காட்டியபோது கூட்டாளிகள் கை தட்டினார்கள். கொழுந்தன் மட்டும் பிடரியைச் சொறிந்தான்.

"என்னடா, பிடிக்கலையா?"

"ஐயோ, பிடிச்சிருக்கு அண்ணி."

"பொய் சொல்ல உனக்கு மூஞ்சி பத்தாது. சொல்லு."

"அந்தக் கடைசி எடத்துல... நாலு சக்கரமும் ஒண்ணாத் தரையில விழும் அண்ணி. டப்புனு ஒரே சத்தம். அதக் கேட்டாத்தான் சரியா நின்னான்னு எங்காளுங்க நம்புவாங்க. உங்க மியூசிக் அத முழுங்கிடுது."

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. மெட்டுக்கு உயிரே அந்த இடம்தானே! இரண்டு நாள் கீபோர்டின் உறையைக்கூட எடுக்கவில்லை. 'அவனுக்கு நல்ல புத்தியைக் கொடு சாமி' என்று வேண்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சலவைக்கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி துணிவண்டியைத் தள்ளி வந்தாள்.

"ஏய், இடப்பக்கம் பாரத்தக் கொற. பின்சக்கரம் ஒண்ணு தரையிலயே படல."

"திரும்பாமயே சொல்றீங்களேக்கா! முதுகுல கண்ணா?"

"சத்தத்துலயே தெரியாதா?"

சொன்ன வாயை அப்படியே பொத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்தது. கேட்ட புத்தியைச் சாமி கொடுத்துவிட்டது, ஆள்தான் மாறிப்போச்சு.

அன்று மாலையே மெட்டை மாற்றினாள். அது படிப்படியாக ஏறும். அவன் கால் தரையை விடும் இடத்தில் இரண்டு கையையும் எடுத்துவிட்டாள்.

திரையிட்ட அன்று அரங்கம் நிறைந்திருந்தது. மெட்டு ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் பதறிப்போனார்.

"என்னடி, உன் மியூசிக் நின்னுபோச்சு?"

"சும்மா இருங்க. வாசிச்சிட்டுத்தான் இருக்கேன்."

டப்.

அரங்கமே எழுந்து கத்தியது. அதில் எல்லோருக்கும் மேலாக, "நின்னுட்டான்டி! என் தம்பி நின்னுட்டான்!" என்று கேட்ட குரல் அவள் கணவருடையது.