இறங்காமல் மேலே ஏறிய விமானம்

எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். நாலு பேர் முன் பேசவே கூசுவேன். எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

தம்பி பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தான். "அக்கா வந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தானாம். சென்னையில் நான் சமையல் செய்யும் வீட்டார் விமானத்தில் அனுப்பிவைத்தார்கள்.

சன்னலில் தாமிரபரணியும் வாழைத் தோட்டங்களும் தெரிந்தன. இறங்கிக்கொண்டிருந்த விமானம் திடீரென்று மேலே ஏறியது. நான் பதறி எழுந்து, "எறங்கணும் அண்ணாச்சி" என்று பஸ்ஸில் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள்.

பக்கத்தில் இருந்த உவரி ஊர்க்காரர் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளக்கினார். "பைய உக்காருங்கக்கா. இன்னொரு விமானமும் அதே பாதையில எறங்க வருதாம். மோதிடக் கூடாதுல்லா, அதான் சுத்துதாவ."

"எந்தம்பி சாகக் கெடக்கான்யா. அவுகள நிக்கச் சொல்லப்படாதா?"

"வானத்துல எங்கன நிக்கது?" என்றவர் கீழே காட்டினார். தூரத்தில் அந்த விமானம் வெயிலில் மின்னியது.

தம்பி மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன். எதிரே வண்டி வந்தால் வளைவில் ஒதுங்கி நிற்பான். அவன் பஸ்ஸில் நானும் அப்படிக் காத்திருந்திருக்கிறேன்; ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அன்றோ, அந்த விமானம் எங்காவது தொலையட்டும் என்று நினைத்தேன். அதில் இருந்தவர்களை நினைக்கவில்லை.

விமானம் சுற்றி வந்துதான் இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலிலேயே தம்பி மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மயினி, இப்பதான் அவுக போனாவ. கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ."

விமானி செய்தது சரிதான். தம்பியும் அதையேதான் செய்திருப்பான். அதனால் யார்மேலும் கோபப்பட முடியவில்லை; மனமும் ஆறவில்லை.

மறுநாள் மதியம் சிந்துபூந்துறையில் தம்பியை எரித்தார்கள்.