ஸ்டெல்லா மேடம் ஒப்படைத்த சோதனை வேலை

அரியலூரில் என் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா மேடத்தின் கணவர் சவரிமுத்துவின் அழைப்பு வந்தது. “அண்ணே, ஸ்டெல்லா காலையில போயிட்டா” என்றார். பிறகு, “நோட்டீஸ் நீங்கதான் அடிக்கணும்னு சொல்லி வெச்சிருந்தா. எழுத்து ஒண்ணும் ஒடையாம பாத்துக்கங்க” என்றார். அந்தக் கடைசி வாக்கியமும் அவர் மனைவி சொல்லிவைத்ததாகத்தான் இருக்கும். வேலையாட்களிடம் கொடுக்காமல் நானே உட்கார்ந்து அந்த மரண அறிவிப்பு நோட்டீஸைக் கோத்தேன். மூன்று முறை சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பினேன்.

நம் குழுவில் இருக்கும் உங்களில் பலருக்கு ஸ்டெல்லா என்பது மின்னஞ்சலின் அடியில் வரும் ஒரு பெயர். நேரில் பார்த்துப் பழகியவன் நான் ஒருவன்தான் என்பதால் இதை எழுதும் பொறுப்பும் எனக்கு வந்திருக்கிறது. அவரைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன்: தமிழ் எழுத்துகளைத் திரையிலும் தாளிலும் பிழையில்லாமல் காட்டும் ஓர் இலவச மென்பொருளை, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நாங்கள் சம்பளமில்லாமல் பராமரித்து வருகிறோம். அதில் ஒரு பிழையைச் சரிசெய்ய யாராவது அனுப்பும் மாற்றத்துக்குப் பேட்ச் என்று பெயர். ஒன்றைச் சரிசெய்யப் போய் வேறொன்றைக் கெடுத்துவிடுவது இந்த வேலையில் சர்வசாதாரணம். அதனால் வரும் ஒவ்வொரு பேட்சையும் கணினிகளே எடுத்து, பழைய இயந்திரங்களிலும் புதிய இயந்திரங்களிலும் பொருத்தி, ஒரு நீண்ட சொற்பட்டியலை அச்சிட்டு ஒப்பிட்டு, தேறியதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அந்தக் கணினிகள் பல ஆண்டுகளாக ஸ்டெல்லாவின் பெரம்பலூர் வீட்டுப் பின்னறையில் ஓடிக்கொண்டிருந்தன.

அவருடைய உத்தியோகம் மண் பரிசோதனைக் கூடத்தில். விவசாயிகளுக்குக் கொடுக்கும் முடிவுத்தாளில் ‘செந்துறை’ என்ற ஊர்ப்பெயர் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாக அச்சாகி வந்ததாம். புகார் எழுதினார். பதில் வராததால், பிழை எங்கே என்று தேடக் கற்றுக்கொண்டார். இப்படித்தான் அவர் குழுவுக்குள் வந்தார்.

எனக்கு அவர் அறிமுகமானது சண்டையில். கல்யாணப் பத்திரிகைகளில் ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் விழும் இடைவெளியைச் சரிசெய்து என் முதல் பேட்சை அனுப்பியிருந்தேன். இரண்டு இடங்களில் தேறவில்லை என்று பதில் வந்தது. இருபது வருஷமாக எழுத்துக் கோப்பவனுக்கு ஒரு மெஷின் வந்து பாடம் நடத்துவதா என்று குழுவின் பொது மின்னஞ்சல் பட்டியலில் சூடாக எழுதினேன். அன்று மதியமே போன் வந்தது. “அரியலூர்னு போட்டிருக்கீங்க. நான் பெரம்பலூர்தான். நாளைக்கு பஸ் ஏறி வாங்க, பிரிண்ட் எடுத்தே காட்டுறேன்.”

போனேன். அச்சிட்டுக் காட்டினார். என் ‘ஸ்ரீ’ அழகாக இருந்தது. ஆனால் ‘கௌரி’ என்று வரும் இடத்தில் ஒரு குறி விலகிப்போய் நின்றது. மாப்பிள்ளை பெயரைச் சரிசெய்து பெண்ணின் பெயரைக் கெடுத்திருந்தேன். இரண்டாவது இடத்தைப் பார்த்தபோது அவர் புருவம் சுருங்கியது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது ஒங்க தப்பு இல்ல. ஒப்பிட்டுப் பாக்க நான் வெச்சிருக்கிற மாதிரிப் படமே தப்பு” என்றார். சவரிமுத்து கொண்டுவந்து வைத்த டீயை நான் குடித்து முடிப்பதற்குள் அந்தப் படத்தை மாற்றி, ‘என் சோதனையில் பிழை இருந்தது’ என்று எல்லோருக்கும் எழுதிவிட்டார். என்னுடைய கோபத்தைப் பற்றி அன்றும் பிறகும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒருமுறை அவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். செந்துறைப் பக்கத்து விவசாயி ஒருவர் முடிவுத்தாளை மேசையில் போட்டு, “எங்க மண்ணுல சத்து இல்லங்கிறீங்களா, தலமொற தலமொறயா வெளயிற மண்ணுங்க அது” என்று வாதாடிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா குரலை உயர்த்தவில்லை. எந்தச் சத்து எவ்வளவு குறைவு, எதைப் போட்டால் எத்தனை நாளில் சரியாகும் என்று தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். விவசாயி போன பிறகு என்னிடம், “இல்லைன்னு மட்டும் சொன்னா அவருக்குக் கோவந்தான் வரும். எங்க இல்ல, என்ன பண்ணலாம்னு சேத்துச் சொன்னா கேட்டுக்குவார்” என்றார். நம் குழுவிலும் அதே வழக்கத்தைத்தான் அவர் வைத்திருந்தார். சோதனையைக் கணினி செய்யும். ஆனால் தேறாத பேட்சுக்கு, எங்கே தவறியது என்று ஒரு மனிதர் ஒரு வரி எழுதிய பிறகே பதில் போகும். அந்த ஒரு வரியால்தான் நம்மில் பலர் முதல் தோல்வியோடு ஓடிப்போகாமல் இங்கே இருக்கிறோம்.

போன ஆண்டு உடம்பு கெட்டது. திருச்சியில் சிகிச்சை ஆரம்பித்த வாரமே என்னை அழைத்தார். “அண்ணே, கம்ப்யூட்டரையெல்லாம் நீங்க எடுத்துக்கங்க.”

“மொதல்ல உடம்பு சரியாகட்டும் மேடம்.”

“சரியானா திருப்பி வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் பேட்ச் அனுப்பினவங்க ஏன் காத்துக்கிட்டு நிக்கணும்?”

எனக்கு அந்த வேலை தெரியாது என்றேன். வேறு யாரையாவது பார்க்கலாம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சனிக்கெழம வண்டியோட வாங்க” என்றார். குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தோம். கணினிகளோடு அவர் கைப்பட எழுதிய ஒரு நோட்டும் வந்தது. எந்தக் கணினி எதற்கு, எது அடிக்கடி மக்கர் செய்யும், அப்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது.

இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, வந்த பேட்ச் அத்தனையும் தேறவில்லை என்று காட்டியது. என்னவென்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் பதிலை அனுப்பிவிட்டேன். உங்களில் சிலர் திட்டி எழுதியது நினைவிருக்கும். அவரை நான்கு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, எழுத்துருக்கள் இருக்கும் கோப்புறையை நானே வேறிடத்துக்கு மாற்றிவைத்திருந்ததை மதியத்துக்குள் கண்டுபிடித்தேன். மூன்று மணிக்கு அவரே அழைத்தார். “போன் அடிச்சதப் பாத்தேன். மெயிலயும் பாத்தேன். எடுத்தா நான் சொல்லிடுவேன்னுதான் எடுக்கல.” எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவரை உதவிக்கு அழைக்க வேண்டிய நிலை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கணவரோடு அச்சகத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார். தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தார். கணினிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“இப்ப என் பேர எடுத்துடுங்க. நான் உள்ள வர முடியாதபடி செஞ்சிடுங்க.”

“இருந்துட்டுப் போவுது மேடம். யாருக்கு என்ன கஷ்டம்?”

“ரெண்டு பேர்கிட்ட இருந்தா, ஏதாச்சும் ஆச்சுன்னா நான் பாத்துக்குவேன்னு நீங்க இருப்பீங்க. என்னால பாக்க முடியாதுண்ணே.”

சவரிமுத்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நான் அவர் அனுமதியை நீக்கும் கட்டளையை அடித்தேன். உறுதி என்றால் ‘ஒய்’ எழுத்தை அடிக்கும்படி திரை கேட்டது. என் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றுவிட்டது. உயிரோடு எதிரில் இருக்கும் ஒருவரின் பெயரை அழிப்பது அவருக்கு இப்போதே மரண நோட்டீஸ் அடிப்பது போல இருந்தது. “ஒய் அடிங்க” என்றார். அடித்தேன். உடனே தன் கைப்பேசியிலிருந்து உள்ளே நுழைந்து பார்த்தார். அனுமதி இல்லை என்று வந்தது. அதை என்னிடம் காட்டி, “நல்லா வேல செய்யுது” என்றார். அவர் முகத்தில் உண்மையான திருப்தி இருந்தது. அன்றுதான் என் கையில் இந்த வேலை முழுதாக வந்தது.

சில வாரங்களில், மற்ற எந்தத் தொண்டரையும் போல, ஸ்டெல்லா ஒரு பேட்ச் அனுப்பினார். வரி முடியும் இடத்தில் சொல் உடையும்போது புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போய்விடாமல் தடுக்கும் மாற்றம் அது. படுக்கையில் இருந்தபடி எழுதியிருக்கிறார். கணினிகள் அதைச் சோதித்தன. தேறவில்லை. அகலம் குறைந்த பத்திகளில் சொல் உடையவே மறுத்து, ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடியது.

அவர் நிரலில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். நானே சேர்த்து, தேறியது என்று போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நோயில் இருப்பவருக்குப் போய் இதை எழுதுவதா என்று அன்று முழுவதும் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். மறுநாள் காலையில்தான் எழுதினேன்: ‘தேறவில்லை. பத்தி குறுகலாக இருக்கும்போது சொல் ஓரத்தைத் தாண்டுகிறது.’ அனுப்பிவிட்டு எதிரிலிருந்த கடைக்குப் போய் டீ குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார்களா என்றுகூடத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது பதில் காத்திருந்தது. ‘நன்றி. சரியான இடத்தைக் காட்டியிருக்கிறீர்கள்.’ திருத்திய பேட்சை அனுப்ப அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. தேறியது. இன்று நீங்கள் எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளில் அது இருக்கிறது. அன்று மாலை போனில், “ஏண்ணே ஒரு நாள் முழுக்க வெச்சிருந்தீங்க?” என்று கேட்டார். “மத்தவங்களுக்கு ஒடனே அனுப்புறீங்கல்ல. எனக்கும் அப்படியே அனுப்பியிருக்கணும்” என்றார். அது அவரிடமிருந்து நான் கேட்ட கடைசிக் கண்டிப்பு.

அவர் அடக்கத்தன்று, ஒரு வாரம் சோதனைகளை நிறுத்திவைக்கலாமே என்று உங்களில் ஒருவர் அன்போடு கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்றேன். சவரிமுத்துவும் அதையேதான் சொன்னார். கணினிகள் ஓடுகின்றன, இனியும் ஓடும். திருமானூரில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் தோழி ஒருவர் என்னோடு சேர்ந்து இந்த வேலையைப் பழகிக்கொண்டிருக்கிறார். அவர் அழைக்கும்போது நானும் சில சமயம் போனை எடுப்பதில்லை.

யாருடையதாக இருந்தாலும் ஒரே முகத்தோடு, காரணத்தோடு, தாமதமில்லாமல் ‘தேறவில்லை’ என்று எழுத முடிவதுதான் ஸ்டெல்லா மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது. இன்று காலை நான் அனுப்பியிருந்த பேட்ச் ஒன்று தவறிவிட்டது. எங்கே தவறினேன் என்று ஒரு வரி எழுதி, என் பெயரோடு எல்லோரும் பார்க்கும் பட்டியலுக்கு அனுப்பிவிட்டு அச்சகத்தின் ஷட்டரைத் தூக்கினேன்.